கவசத்தின் அக்குளில் ஒரு சதுரத் துண்டு

என்னிடம் முன்பு வேலை பழகிய ஒரு பெண் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். இப்போது அவளே ஒரு பெரிய விளையாட்டு நிறுவனத்தில் குழுத் தலைவி. "மல்லிகாக்கா, புதுசா ஒரு மென்பொருள் வந்திருக்கு. ஒரு கவசத்தை ஒரு உடம்புக்குச் செஞ்சா போதும். குண்டா, ஒல்லியா, ஆணா, பொண்ணா, எந்த உடம்பா இருந்தாலும் அதுவே மாட்டிக்குது. நீங்கள்லாம் இதைக் கையால செஞ்சீங்கன்னா எங்க டீம்ல நம்ப மாட்டேங்கறாங்க. எழுதிக் குடுங்களேன்" என்றாள். எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். செய்முறை ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. செய்தவர்களைப் பற்றிய நினைவுதான் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

நான் கணினிப் படிப்பு படித்தவள் அல்ல. தொண்ணூறுகளில் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் பக்கம் போய், ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் பேட்டர்ன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சட்டையை எத்தனை துண்டாகப் பிரிப்பது, கைக்குழியை எவ்வளவு தோண்டுவது, நடுத்தர அளவை எப்படிப் பெரிய அளவாக விரிப்பது என்பதெல்லாம் அங்கே பழகியவை. பிறகு அதையே கணினியில் வரையச் சொன்னார்கள். கொஞ்ச காலத்தில் நிறுவனம் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. நான் போகவில்லை.

திருப்போரூரில் ஓர் இரும்புக் கடையின் மாடியில் தாமோதரன் என்பவர் முப்பரிமாணப் படங்கள் செய்யும் சிறிய நிறுவனம் தொடங்கியிருந்தார். அதே ஊர்க்காரர். சென்னையில் விளம்பரப் படங்களுக்கு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். வெளிநாட்டு வீடியோ விளையாட்டுகளுக்கு வாள், வண்டி, வீடு, உடை என்று பொருள்கள் செய்து அனுப்புவது அங்கே தொழில். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் சான்றிதழ்களை அவர் பார்க்கவே இல்லை.

"இதுவரிக்கும் இன்னா செஞ்சுகினு இருந்தீங்க?"

"பேட்டர்ன் சார். சட்டை, கவுனு."

"துணி வெட்றவங்களுக்கு உடம்பு தெரியும். மவுஸ் புடிக்க நான் கத்துத் தரேன். வாங்க" என்றார்.

அப்படித்தான் இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், வீட்டில் ஒரு கணினிகூட இல்லாத நான், பேய்களோடு சண்டை போடும் வீரர்களுக்குக் கவசம் செய்பவளானேன்.

விளையாட்டில் கவசம் எப்படி இருக்கிறது என்று முதல் வாரத்தில் அவர் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது. ஒரு கவசத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி எழுத்து. அதன் பெயர், அது மார்புக்கா தலைக்கா கைக்கா, எடை எவ்வளவு, எவ்வளவு அடி தாங்கும், உடம்பின் எந்தெந்தப் பகுதிகளை மூடும், ஆண் அணிந்தால் எந்த உருவம், பெண் அணிந்தால் எந்த உருவம் என்ற விவரங்கள். இன்னொரு பாதிதான் கண்ணுக்குத் தெரியும் உருவம்.

நாம் சட்டை போடுவதுபோல விளையாட்டு கவசத்தை உடம்பின் மேல் மாட்டுவதில்லை. 'இந்தக் கவசம் வயிற்றை மூடும்' என்று எழுத்தில் இருந்தால் வயிற்றையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நாம் செய்த உருவத்தை வைக்கும். எழுத்தில் மூடும் என்று சொல்லிவிட்டு உருவத்தில் வயிற்றைச் செய்யாமல் விட்டால், ஆளின் நடுவில் ஓட்டை விழுந்து பின்னாலிருக்கும் மலை தெரியும். செய்துவிட்டு எழுத்தில் சொல்லாமல் விட்டால், நடக்கும்போதெல்லாம் இரும்பைக் கிழித்துக்கொண்டு தோல் வெளியே வரும். நான் செய்த முதல் கவசத்தில் இரண்டும் நடந்தன.

அதற்குப் பிறகு எலும்பு. கவசத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஆளை உள்ளிருந்து அசைக்கும் எலும்புகளோடு கட்ட வேண்டும். தோள் தகட்டை முழுக்கவும் கை எலும்போடு கட்டினால், கையைத் தூக்கியதும் தகடு தாடைக்குள் புகுந்துவிடும். முழுக்கவும் முதுகெலும்போடு கட்டினால் தகடு அசையாமல் நிற்க, கை மட்டும் அதைத் துளைத்துக்கொண்டு போகும். பாதிப் பாதியாகப் பகிர்ந்தால் இரும்பு ரப்பர் மாதிரி வளையும். எதை எவ்வளவு கட்டுவது என்பதற்குக் கணக்கு கிடையாது. கட்டிவிட்டு ஆளை அசைத்துப் பார்க்க வேண்டும், பிறகு அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

அசைத்துப் பார்ப்பதில்தான் தாமோதரன் சாரின் குணமே இருந்தது. நம் மவுஸை அவர் தொடவே மாட்டார். ஒரு இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டீ கிளாஸோடு பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். "நடக்கச் சொல்லு" என்பார். நடக்க வைப்போம். "குந்தச் சொல்லு." "கையத் தூக்கச் சொல்லு." கடைசியாக எப்போதும் ஒரே கேள்வி: "இத்த போட்டுகினு அவ சோறு துன்ன முடியுமா?" கையை வாய்வரை கொண்டுபோனால் முழங்கை மடங்கும், தோள் உயரும், மார்புத் தகடு கழுத்தை இடிக்கும். அத்தனை பிழைகளும் அந்த ஒரே அசைவில் வெளிவந்துவிடும். பிழை இருந்தால் அதைச் சொல்ல மாட்டார். டீயைக் குடித்து முடித்து எழுந்து போய்விடுவார். நாற்காலி அங்கேயே இருந்தால் திரும்ப வருவார் என்று அர்த்தம். நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போனால் வேலை முடிந்தது.

சில வருடங்கள் இப்படிப் போயின. பிறகு ஒரு பெரிய வேலை வந்தது. இளையவர்களிடம் இதுவரை நான் முழுசாகச் சொல்லாதது அதைத்தான்.

வாளும் மந்திரமும் நிறைந்த ஒரு வெளிநாட்டு விளையாட்டு அப்போது பிரபலம். அதை வாங்கியவர்களே அதன் உள்ளே புகுந்து புதிய உடைகளும் வீடுகளும் செய்து, இணையத்தில் மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். அதற்கு 'மாட்' என்று பெயர். அந்த விளையாட்டுக்கு விலைக்கு விற்கும் கவசத் தொகுப்பு ஒன்றைச் செய்ய ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்களை அமர்த்தியது. எங்கள் மாடி முழுவதற்கும் ஒரு வருட வேலை. மாதிரிக்கு ஒரு கவசத்தை அனுப்பி, 'இது எங்கள் கலைஞர் செய்தது. மற்றவற்றை இதே பாணியில் செய்யுங்கள்' என்றார்கள். அதிலேயே ஒரு மாற்றமும் கேட்டிருந்தார்கள். பெண் அணியும் வடிவத்தில் வயிற்றுத் தகட்டையும் தொடைத் தகட்டையும் எடுத்துவிட வேண்டும். எவ்வளவு அடி தாங்கும் என்ற எண் மட்டும் அப்படியே இருக்க வேண்டும்.

மாதிரி என்னிடம் வந்தது. ஆண் வடிவத்தைத் திறந்தேன், நல்ல வேலை. பெண் வடிவத்தைத் திறந்தவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பெண் கவசம் என்றால் ஆண் கவசத்தை இடுப்பில் நெருக்கி, மார்பில் இரண்டு கிண்ணம் கவிழ்ப்பதுதான் எல்லோரும் செய்வது. நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். இதில் மார்புத் தகடு ஒரே வளைவாக, படகின் முன்பக்கம் மாதிரி இருந்தது. கைக்குழியை முன்பக்கம் கூடுதலாகத் தோண்டியிருந்தார்கள். அக்குளைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே ஒரு சிறு சதுரத் துண்டு, மூலைவாட்டில் வைத்திருந்தது.

கையைத் தாராளமாகத் தூக்குவதற்காக ரவிக்கையின் அக்குளில் வைக்கும் துண்டு அது. விளையாடுகிறவன் கண்ணுக்கு என்றைக்கும் தெரியாத இடம். இரும்புக் கவசத்துக்குத் தோல் துண்டாக அதை வரைந்து, தனியாக எலும்போடு கட்டியிருந்தார்கள். கையைத் தூக்க வைத்தேன். தகடு தாடையைத் தொடவே இல்லை. இதைச் செய்தவர் யாராக இருந்தாலும் சொந்தக் கையால் ரவிக்கை தைத்தவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு அடுத்த மேஜை முருகவேலுடையது. கடப்பாக்கத்துப் பையன், எங்களில் நிஜமாகவே விளையாட்டு ஆடுகிறவன் அவன் ஒருவன்தான். எட்டிப் பார்த்தவன், "அக்கா, இது இன்னா இங்க கீது?" என்றான்.

"ஆர்டர் குடுத்தவங்க அனுப்பினது."

"அவங்க எதுக்கு அனுப்புறாங்க? இது பத்மாக்காவோடது!"

மாட் செய்பவர்கள் கூடும் இணையதளத்தைத் திறந்து காட்டினான். அதே கவசம், இலவசமாக. செய்தவர் ஒரு புனைபெயர் வைத்திருந்தார். 'யாரும் எடுத்து விளையாடலாம். கேட்காமல் விற்காதீர்கள்' என்று ஒரு வரி. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி முருகவேல் எப்போதோ அவருக்கு ஒரு பாராட்டு அனுப்ப, பதிலும் தமிழில் வந்ததாம். அப்படித்தான் இருவரும் பழக்கம். "எங்க இருக்காங்க?" என்றேன். "நம்ம அணுபுரம் டவுன்ஷிப்புலதாங்க்கா."

தாமோதரன் சாரை அழைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அக்குள் துண்டைப் பார்த்தார். டீயைக் குடிக்கவில்லை.

"ஆர்டர்காரனுக்கு எழுதிடலாமா சார்?" என்று முருகவேல் கேட்டான்.

"மொதல்ல அந்தம்மாவுக்குத் தெரியணும்டா. அவங்க பொருளு. அவங்க இன்னா சொல்றாங்களோ, அப்பறம் எழுதுவோம்" என்றவர் என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க மல்லிகா. நான் மட்டும் போயி நின்னா நல்லா இருக்காது" என்றார்.

முருகவேல் முன்கூட்டியே சொல்லிவைக்க, ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். வரிசையாகக் குடியிருப்புகள், வாசலில் துளசி, பால்கனியில் காயும் சீருடைகள். பத்மாவதிக்கு நாற்பது வயதிருக்கும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். கணவர் கணேசன் அங்கே அரசு வேலையில் இருந்தார். மகள் தேன்மொழி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கூடத்து மூலையில் கணினி, அதன் பக்கத்திலேயே தையல் இயந்திரம். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தாமோதரன் சார் நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னார். எங்களுக்கு வந்த வேலை, அதில் அவருடைய கவசம், அதை வெட்டச் சொல்லியிருப்பது எல்லாம். கணேசன்தான் முதலில் பதறினார்.

"வெளிநாட்டுக் கம்பெனி, வழக்குன்னு எதுவும் வந்துரக் கூடாது சார். நான் கவர்மெண்ட் வேல பாக்கேன். ஆபீஸ்ல கேட்டா என்னத்தச் சொல்ல? இவ பொழுது போகாம செய்யுதான்னுதான் நான் நெனச்சிருந்தேன்."

"உங்க பேரு எங்கியும் வராது சார். அவங்க பேரு வரணுமா வேணாமான்னுதான் கேக்க வந்தோம்" என்றார் தாமோதரன் சார். பிறகு பத்மாவதியிடம் திரும்பி, "நீங்க சரின்னு சொன்னா நான் அவங்ககிட்ட பேசறேன். உங்க பேரு போடணும், உங்களுக்கு உண்டானதக் குடுக்கணும்னு கேப்பேன். ஒத்துக்குவாங்கன்னுதான் தோணுது. ஆனா வெட்டாம விட மாட்டாங்க. அது அவங்க முடிவு."

பத்மாவதி எழுந்து கணினியைப் போட்டார். கவசமணிந்த பெண் திரையில் வந்து நின்றாள்.

"இவ மொதல்ல அவங்க விளையாட்டுல வந்த கவசத்தத்தான் போட்டிருந்தா சார். பக்கத்துல ஆம்பள ஒருத்தன் அதே கவசம் போட்டு நிக்கான். அவனுக்குக் கழுத்துல இருந்து முட்டி வரைக்கும் இரும்பு. இவளுக்கு வயிறு தொறந்து கெடக்கு. எம் மக கேட்டா, 'ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்தான போட்டிருக்கு, இவள வயித்துல குத்துனா என்ன ஆகும்'னு. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்."

"எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்று நான் கேட்டேன்.

"அந்த மாட் சைட்டுல எழுதுதவங்க சொல்லித் தந்தாங்கக்கா. அக்குள்லதான் ரொம்ப நாளு மாட்டிக்கிட்டேன். கையத் தூக்குனா கழுத்துல இடிக்கும். ஒருநாளு எம் மகளுக்கு யூனிபார்ம் தைக்கும்போதுதான் புத்தி வந்தது."

வேறு ஒருவரிடமிருந்து இதைக் கேட்க இத்தனை வருடம் காத்திருந்தோம் என்பதுபோல நானும் அவரும் அந்தச் சதுரத் துண்டைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். துணியில் அதை நூலுக்கு மூலைவாட்டில் வெட்டினால்தான் இழுபடும், திரையில் நூலும் வாட்டமும் ஏது என்று நான் கேட்டேன். கோடுகளை மூலைவாட்டில் போட்டால் மடிப்பு அழகாக விழுகிறது என்று காட்டினார். கணேசன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். மனைவிக்கு இப்படி ஒரு பேச்சு இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது போலிருந்தது.

கடைசியில் தாமோதரன் சார், "இன்னா சொல்லட்டும்மா?" என்றார்.

"வேற எத வேணும்னாலும் எடுத்துக்கட்டும் சார். இத வெட்டக் கூடாது. வெட்டணும்னா எதுக்கு என்னோடத எடுக்கணும்? அவங்ககிட்டதான் அந்தமாதிரி நெறைய இருக்கே."

கணேசன் என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். அவர் தண்ணீர்ச் செம்பை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டு, "அவ சொன்னதுதான் சார்" என்றார்.

திரும்பும் வழியில் மாமல்லபுரம் சாலைப் பிரிவில் டீ குடிக்க நின்றோம். கடல் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. "இப்ப நமக்கு என்ன சார் ஆகும்?" என்றேன்.

"ஆர்டரு போயிடும்."

"போனா?"

"போயிடும்னுதான் சொன்னேனே" என்றார்.

வயிறு தெரியும் கவசங்களை எங்கள் மாடியில் அதுவரை எத்தனையோ செய்திருக்கிறோம். அதனால் மறுநாள் காலை எல்லோரையும் கூட்டி வைத்து அவர் சொன்னதை நான் கவனமாகக் கேட்டேன். "வெட்றது தப்புன்னு நான் சொல்ல வரல. துட்டு குடுக்கறவன் அவன், அவன் பொருள அவன் வெட்டிக்கலாம், நாமளும் வெட்டிக் குடுத்துகினுதான் இருந்தோம். இது அவன் பொருளு இல்ல. ஒருத்தரு தராதது நம்ம மேஜைக்கு வந்தா நாம தொடக் கூடாது. இதுல உங்க பொழப்பும் கீது. யாருனா வேற மாதிரி நெனச்சா இப்பவே சொல்லிடுங்க."

எல்லோருக்கும் சம்மதம் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. எனக்கே, பேசாமல் புதிதாக ஒரு கவசம் செய்து அனுப்பிவிட்டு மாதிரியைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தால் என்ன என்று தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னேன். "அப்ப அவங்க வேற எவன்கிட்டயாச்சும் இத்த குடுத்து வெட்டிப்பாங்க. நமக்குத் தெரிஞ்சுபோச்சே, மல்லிகா" என்றார்.

அவர் எழுதியது மரியாதையான கடிதம். மாதிரிக்கு உரியவர் வேறொருவர் என்பதையும், அவர் எதற்குச் சம்மதிக்கிறார், எதற்குச் சம்மதிக்கவில்லை என்பதையும், அதற்குப் பதிலாக நாங்கள் ஒன்றைப் புதிதாகச் செய்து தருவோம் என்பதையும் எழுதினார். பல நாள் பதில் இல்லை. பிறகு தொலைபேசி வந்தது. வேறொருவர் தங்களிடம் சொந்தப் படைப்பு என்று கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அதைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுவதாகவும் சொன்னார்கள். ஆனால் தங்களைக் கேட்காமல் நாங்கள் வெளியாளிடம் பேசியது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று முழு வேலையையும் நிறுத்திவிட்டார்கள். கவசம் தப்பித்தது. நாங்கள் தப்பிக்கவில்லை.

நான்கு பேர் போக வேண்டியதாயிற்று. முருகவேலும் அதில் ஒருவன். மீதி இருந்தவர்களுக்குத் திருப்போரூர்ச் சுற்றுவட்டாரத்தில் மனை விற்பவர்கள்தான் கைகொடுத்தார்கள். இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டியதுபோல் படம் செய்து தரும் வேலை. வெறும் வயல்வெளியில் நீச்சல் குளமும் தென்னை வரிசையும் வரைந்தோம். சம்பளம் வந்தது.

விஷயத்தை முருகவேல் சொல்ல, பத்மாவதி ஒருநாள் மகளோடு பஸ் ஏறி எங்கள் மாடிக்கே வந்துவிட்டார். காலியாக இருந்த மேஜைகளைப் பார்த்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என்னாலதான சார் இப்படி ஆயிப்போச்சு? வெட்டிக்கோங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா வெட்டிக் குடுத்திருப்பேன்மா. சத்தியமா" என்றார் தாமோதரன் சார். "நீங்க வேணாம்னீங்க. அது உங்க பதிலு. ஆர்டரு போனது அவங்க பதிலு. நடுவுல நான் ஒண்ணு சொன்னேன்ல, அது என்னுது. அத்தப் போயி நீங்க எடுத்துக்காதீங்க."

பத்மாவதி அழுதுவிடுவார் போலிருந்தது. அழவில்லை. பையிலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்தார். மார்புக் கவசம் மட்டும்தான் முடிந்திருக்கிறது, கையுறையும் காலணியும் தலைக்கவசமும் பாதியில் நிற்கின்றன, கழுத்தில் ஒரு கீறல் மாதிரி இடைவெளி தெரிகிறது, அதை எப்படி மூடுவது என்று யாராவது காட்டினால் போதும் என்றார்.

நான் திறந்து பார்த்தேன். தாமோதரன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதன் பிறகு பத்மாவதி சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். வீட்டுப் படங்களுக்கு நடுவில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நாங்கள் அந்தக் கவசத் தொகுப்பை முடித்தோம். கழுத்துக் கீறலை நான் மூடினேன், உடம்பின் விளிம்பும் கவசத்தின் விளிம்பும் ஒரே புள்ளிகளில் சேர வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். காலணியை முருகவேல் செய்து அனுப்பினான். அவனுக்கு அதற்குள் சென்னையில் வேறு வேலை கிடைத்திருந்தது. தரையில் கிடக்கும்போது எப்படித் தெரியும், விளையாட்டில் வீரரின் பைக்குள் சிறு படமாக எப்படித் தெரியும் என்று எல்லாக் காட்சிகளையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். யாரும் கேட்காத வேலை, யாருக்கும் கெடு இல்லை. என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த கவசம் அதுதான். அதன் பாதிகூட என்னுடையது அல்ல.

எல்லாம் முடிந்தபோது எழுத்துப் பாதியில் ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. கவசத்தின் பெயர். பத்மாவதி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஆங்கில எழுத்தில் 'திருப்போரூர்க் கவசம்' என்று தட்டினார். இணையத்தில் ஏற்றும்போது கீழே தன் சொந்தப் பெயரைப் போட்டார். எங்கள் பெயர்களையும் போட்டார். கணேசன் ஆட்சேபிக்கவில்லையா என்று கேட்டேன். "அவுகதான் எழுத்துப் பிழை பாத்தாக" என்றார்.

உலகத்தின் எங்கெங்கோ இருந்தவர்கள் அதை எடுத்து அணிந்துகொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை அவர்கள் எழுதியிருந்ததை எல்லாம் பத்மாவதி எங்களுக்குப் படித்துக் காட்டினார். ஒருவர் அந்தப் பெயரில் சொக்கிப்போயிருந்தார். திருப்போரூர் என்பது எந்தப் பழைய சாம்ராஜ்யம், அதன் வீராங்கனைகள் யார், அவர்களுடைய வரலாற்றை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். "என்ன சார் எழுதட்டும்?" என்றார் பத்மாவதி.

தாமோதரன் சார் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கீழே யாரோ கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அது ஒரு ஊரு, பஸ்ஸெல்லாம் நிக்கும்னு போடும்மா" என்றார்.

பத்மாவதி அப்படியே எழுதி அனுப்பினார்.